வெள்ளைப் பன்றியின் காதுக்குப் பின்னால்

தென் லண்டனில் ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். முழங்கால்வரை காய்ந்த சேறு. கக்கத்தில் ஒரு சிவப்புப் பலகை. கண்காட்சி நடந்த பூங்காவை விட்டு வெகுதூரம் வந்த பிறகும் பின்னால் ஒலிபெருக்கி யாரையோ அழைக்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஓர் இடத்தை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்த்தால் யாராவது கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள்.

முதலில் பஸ்ஸில்தான் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் மரியாதையானவள். மூக்கைப் பொத்தவில்லை. கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். அடுத்த தரிப்பில் நானே இறங்கிவிட்டேன். பன்றி வாடை எனக்குத் தெரிவதில்லை. மற்றவர்கள் இடம் மாறுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

கடைவாசலில் நின்ற இரண்டு பொலிஸ்காரர்கள் என் பலகையைப் பார்த்தார்கள். ஒருவர் இளைஞர்.

"ஐயா, அது என்ன?"

"பன்றிப் பலகை."

"பன்றி எங்கே?"

"பூங்காவில்."

"பலகை உங்களுடையதா?"

அது பண்ணையுடையது. அவசரத்தில் கையோடு வந்துவிட்டது. அதைச் சொன்னால் கதை நீளும். "நான் அங்கே வேலை செய்கிறேன்" என்றேன். அன்று காலை வரைக்கும் அது உண்மைதான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு என்னைப் போகவிட்டார்கள். சிரித்தவர்களை நான் நம்புவதில்லை. தெருமுனை திரும்பும்வரை முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

சான்றிதழ் இல்லாத வாத்தியார்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ரயில் பாதைக்கும் ஒரு களஞ்சிய வரிசைக்கும் நடுவே அந்தப் பண்ணை இருக்கிறது. பட்டணத்துப் பிள்ளைகள் ஆடு, கோழி, பன்றியை உயிரோடு பார்க்க வேண்டும் என்பதற்காக நடத்துகிறார்கள். சனிக்கிழமைகளில் பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். ஆளுக்கொரு பன்றிக்குட்டியை ஒப்படைத்து, வளர்க்கப் பழக்கி, கண்காட்சி வளையத்துக்குள் நடத்திக் காட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

பன்றியை நடத்திக் காட்ட ஒரு வாத்தியாரா என்று சிரிப்பீர்கள். வேலை கிடைத்த அன்று நானும் சிரித்தேன்.

எட்டாம் வகுப்போடு மன்னாரில் என் படிப்பு நின்றது. டென்மார்க்கில் ஒரு பன்றிப் பண்ணையில் விசா இல்லாமல் ஒளிந்திருந்த கதையைச் சில கிழமைகளுக்கு முன் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். எனக்குப் பன்றி பழக்கமானது அங்கேதான். பகலில் மனிதர் கண்ணில் படக்கூடாது என்பதால் பன்றிகளோடுதான் இருந்தேன்.

பார்க்கிங் பண்ணையின் பொறுப்பாளர் ஹெலன். உயரமான, சிரிக்காத ஆங்கிலேயப் பெண். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கு மேல் பேசாமல் குட்டி போட்ட ஒரு தாய்ப்பன்றியின் கூட்டைத் திறந்து என்னை உள்ளே போகச் சொன்னாள். நான் போய் மூலையில் நின்றேன். கையை நீட்டவில்லை. பன்றி வந்து சப்பாத்தை முகர்ந்து, கால்சட்டையை இழுத்துப் பார்த்து, பிறகு போய்ப் படுத்தது. அன்றே வேலை தந்தாள்.

ஆனால் என்னை நம்பவில்லை. மருந்து அலுமாரியின் பூட்டுத் திறப்பை மட்டும் ஒருநாளும் என்னிடம் தந்ததில்லை. பன்றிக்குக் காய்ச்சல் என்றால் அவளைத் தேடிப்போக வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் தந்திருக்கமாட்டேன்.

நிழலைத் தாண்டாத மிருகம்

பன்றி சந்தேகப் பிராணி. பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்வது இதைத்தான்.

நிலத்தில் ஒரு கம்பத்தின் நிழல் விழுந்திருந்தால் பன்றி நின்றுவிடும். வடிகாலின் இரும்பு மூடியைக் கண்டால் நின்றுவிடும். நேற்று இல்லாத வாளி இன்று இருந்தால் அதைச் சுற்றி வந்து முகர்ந்து பார்க்கும். பின்னாலிருந்து தள்ளினால் தள்ளுகிறவனுக்கு எதிராகத்தான் வரும். ஆகவே பலகையால் பக்கத்தை மறைத்து, தடியால் விலாவை மெல்லத் தொட்டு, அது தானாகவே அந்தத் திசைக்குப் போக முடிவெடுத்தது போல நினைக்கவைக்க வேண்டும். தலை தாழ்ந்துவிடக் கூடாது. நடுவருக்கும் பன்றிக்கும் நடுவே நீங்கள் போய் நிற்கக் கூடாது. ஒரு கண் பன்றியில், மற்றது நடுவரில்.

எல்லாரையும்விட இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டவள் ஆரணி. பதினாறு வயது. யாழ்ப்பாணத்துப் பெற்றோர், பிறந்தது பார்க்கிங்கில். அவளுக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைப் பெண்குட்டி. மூக்கு நசுங்கி, காது நிமிர்ந்து, கோபித்துக்கொண்ட மாமி மாதிரி முகமுள்ள இனம். அதற்குப் பிட்டு என்று பெயர் வைத்தாள். மிருகத்துக்குப் பெயர் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

"அங்கிள், பாருங்கோ, பிட்டு என்னைக் கிஸ் பண்ணுறாள்."

"பிள்ளை, அவள் உன்ரை சப்பாத்து நூலைத் தின்னுறாள்."

"உங்களுக்கு ஒருத்தரிலையும் நம்பிக்கை இல்லை, என்ன?"

"நூலைப் பார்."

நூல் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வருவாள். மழையிலும் பிட்டுவைத் தினமும் வேலியோரமாக நடத்தினாள். வருடத்துக்கு ஒருமுறை பூங்காவில் நடக்கும் கண்காட்சியில் இளையோர் பிரிவுக்கு வயது எல்லை பதினாறு. மாரிக்குள் அவளுக்கு அடுத்த பிறந்தநாள் வந்துவிடும். பிட்டுவோடு வளையத்துக்குள் இறங்க அவளுக்கு அந்த ஒரே சந்தர்ப்பம்தான். அதைப் பண்ணையில் எல்லாருக்கும் பல தடவை சொல்லியிருந்தாள். பன்றிகளுக்கும் சொன்னாள்.

மிச்சச் சோறு

ஆரணியின் தாய் வசந்தி முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவள். சனிக்கிழமைகளில் கைக்குழந்தையோடு பண்ணைக்கு வந்து வேலியில் சாய்ந்து நிற்பாள். நல்லூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம். வீட்டில் மீன் சமைப்பார்கள், பன்றி இறைச்சி கனவிலும் இல்லை. ஆனாலும் வந்த சில கிழமைகளிலேயே பிட்டு அவளுக்கும் ஒரு பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் பெரிய பிளாஸ்ரிக் பெட்டியோடு வந்தாள்.

"அண்ணை, மிச்சச் சோறும் பருப்பும். பிட்டுவுக்கு."

"குடுக்க ஏலாது தங்கச்சி. இந்த நாட்டிலை சட்டம். வீட்டுச் சமையலறைச் சாப்பாடு ஒண்டும் பண்டிக்குப் போடக்கூடாது."

"என்ன கதை கதைக்கிறியள்? பண்டிக்கு மிச்சச் சோறு போடக்கூடாதெண்டு சட்டமோ? உங்களை ஆரோ நல்லாப் பேய்க்காட்டிப் போட்டினம்."

"நோய் பரவுமாம்."

"பருப்பிலையோ?"

எனக்குச் சட்டம் மட்டும் தெரியும். அதற்குப் பிறகு பெற்றோர் எவர் வந்தாலும் முதலில் கைப்பையைத்தான் பார்ப்பேன். வசந்திக்கு அது தெரியும். வேண்டுமென்றே பையைத் திறந்து காட்டிவிட்டு வருவாள்.

"சோதினைச் சாவடியிலையும் இப்பிடித்தான் அண்ணை. ஆனால் அவங்களாவது சிரிப்பாங்கள்."

மரமா

வெள்ளை இனத்தைக் கண்காட்சிக்குத் தயார் செய்வது கல்யாண வீட்டு வேலை. முந்தின நாள் குழந்தை ஷாம்பூ போட்டுக் கழுவ வேண்டும். காதுக்குள் ஈரத்துணி. குளம்பைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். காலையில் உடம்பு உலர்ந்ததும் மாவாக அரைத்த மரத்தூளைப் பூசித் தூரிகையால் தட்டினால் மயிர் பால் நிறத்துக்கு வரும். எண்ணெய் மட்டும் படக்கூடாது. பட்டால் அந்த மா கட்டிகட்டியாய் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு இனத்துக்குத்தான் எண்ணெய்.

வெள்ளை இனத்தில் ஒரு கறுப்பு மயிர் தெரிந்தாலே நடுவருக்கு முகம் சுளிக்கும். மரமாவைத் தவிர வேறு எந்தப் பூச்சும், எந்த நிறமும் கூடாது. இதை ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன். பிள்ளைகளுக்குத்தான் சொன்னேன். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

முந்தின மாலையே பூங்காவுக்குப் போய்விட்டோம். லண்டனின் பட்டணப் பண்ணைகள் பலவும் வந்திருந்தன. பெரிய கூடாரத்துக்குள் தட்டி தட்டியாகக் கூடுகள். நான் பிட்டுவின் கூட்டுக்குப் பக்கத்து வைக்கோலில் படுத்தேன். மற்றப் பண்ணைக்காரர்கள் தங்கள் வண்டிகளில் படுத்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பன்றிக்கு யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அவர்கள் எப்படி நம்புகிறார்கள்?

விடிந்தபோது கண்ணைத் திறந்தேன். ஒரு கிழவர் பிட்டுவின் தட்டியில் கையூன்றி நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெயர் ரெஜ். தென் லண்டனில் இன்னொரு பண்ணையில் பிள்ளைகளைப் பழக்குபவர். போன வருடம் முதலிடம் அவருடைய பையனுக்குத்தான்.

"நல்ல முதுகு" என்றார். "நேரான முதுகு."

போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து மேல்சட்டையை உதறினேன். அப்போதுதான் எதிரே இருந்த தன் பண்ணையின் கூட்டுக்கு மெல்ல நகர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வசந்தி வந்தாள். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தாள். முதியோர் இல்லத்து நீலச் சீருடைக்கு மேல் குளிர்ச்சட்டை. போத்தலில் எனக்குத் தேநீர். வழக்கம்போலப் பையைத் திறந்து காட்டினாள். சோறு இல்லை.

"அண்ணை, உந்தக் கிழவன் ஏன் எங்கடை கூட்டையே பாத்துக்கொண்டு நிக்கிறான்?"

"அதைத்தான் நானும் பாக்கிறன்."

"வடிவாய் இருக்கிறதுதான் பிழை. எல்லாற்றை கண்ணும் இவளிலைதான்."

"நான் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன். கொஞ்ச நேரம் பாருங்கோ. ஒருத்தரையும் கிட்ட விடாதேங்கோ."

"என்னைத் தாண்டி ஆர் வாறது?" என்றாள்.

தண்ணீர்க் குழாய் பூங்காவின் மறுகோடியில். வாளியோடு திரும்பி வந்தபோது வசந்தி குளிர்ச்சட்டையின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியபடி நின்றாள். பிட்டு படுத்திருந்தது. எல்லாம் இருந்த மாதிரியே இருந்தது. நான் ரெஜ்ஜின் கைக்குப் பயந்துகொண்டிருந்தேன். வசந்தி பயந்தது அவருடைய கண்ணுக்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

யார் வைத்தது?

மரமா பூச வந்த ஆரணி கத்தினாள்.

"அங்கிள்!"

இடது காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு வட்டம் இருந்திருக்கிறது. அவள் ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். துடைக்கத் துடைக்க அது கரைந்து, கழுத்து வரைக்கும் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் பரவியிருந்தது. அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி இருந்தது. ஷாம்பூ போட்டேன். இன்னும் பரவியது.

"ஆர் அங்கிள் இதைச் செய்தது? ஆர்?" என்று ஆரணி கேட்டுக்கொண்டே இருந்தாள். மரமாப் பெட்டி கீழே விழுந்து சப்பாத்தெல்லாம் வெள்ளை.

நான் எதிர்க் கூட்டைப் பார்த்தேன். ரெஜ் அங்கே இல்லை. அவர் வந்தார், ஆனால் தனியாக வரவில்லை. கண்காட்சி மேற்பார்வையாளர், மிருக வைத்தியர், ஹெலன் மூவரும் கூட வந்தார்கள். விடியற்காலையில் நீல உடுப்புக்காரர் ஒருவர் இந்தப் பன்றியின் காதுக்குப் பின்னால் எதையோ பூசியதைத் தான் கண்டதாக ரெஜ் முறைப்பாடு செய்திருக்கிறார். மருந்தாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

தானே பூசிவிட்டுத் தானே போய்ச் சொல்லியிருக்கிறான் என்று மனதில் தீர்ப்பெழுதிவிட்டேன். வாய் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் வைத்தியர் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். கறுப்பு பஞ்சில் வந்தது. முகர்ந்து பார்த்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"கண்மை" என்றார். "என் மனைவி வைத்திருக்கிறாள். நல்ல வகை. சும்மா அழியாது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வழக்கமாக வசந்தியின் இடுப்பில் இருக்கிற கைக்குழந்தை அன்று கூடாரத்து வாசலில், ஆரணியைக் கூட்டிவந்த தகப்பனிடம் இருந்தது. அதன் கன்னத்தில் ஒரு பொட்டு. கண் பட்டு நாவூறு வராமல் இருக்கத் தாய்மார் வைக்கிற அதே கறுப்புப் பொட்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பார்த்துப் பழகியது.

திரும்பிப் பார்த்தேன். கூடாரத்துக்குள் சூடு ஏறிவிட்டது. எல்லாரும் மேல்சட்டையைக் கழற்றியிருந்தார்கள். வசந்தி மட்டும் நீலச் சீருடை தெரியாமல் குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றாள். நெற்றியில் வியர்வை. கண் நிலத்தில்.

மேற்பார்வையாளர் நேர்மையான மனிதர். தெளிவாகச் சொன்னார்.

"பன்றிக்கு நோய் இல்லை. ஆனால் நிறம் பூசியிருக்கிறது. இதைப் போட்டியாளரோ குடும்பத்தினரோ செய்திருந்தால் அவர் வளையத்துக்குள் போக முடியாது. வேறு யாரோ அவருக்குத் தெரியாமல் செய்திருந்தால், கழுவிவிட்டுப் போகலாம். யார் செய்தது?"

ஆரணி எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருதரம் தாயையும் பார்த்தாள். அந்தப் பார்வை அங்கே நின்றுவிடுமோ என்று எனக்குப் பட்டது.

பண்ணை எனக்குத் தந்த மேலுடுப்பும் நீலம்தான்.

"நான்தான்" என்றேன்.

இதைத் தியாகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் இடத்தை விட்டுப் போவது எனக்குப் பழகிய வேலை. பேர்லினில் ஓர் உணவகம், லீட்ஸில் ஒரு கோழித் தொழிற்சாலை, எத்தனையோ பின்வாசல்கள். வசந்திக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. நான் சொல்லுவேன் என்று அவள் எதிர்பார்த்துத்தான் நின்றாளா என்ற சந்தேகமும் அந்த நொடியிலேயே வந்தது. அது இன்றுவரை தீரவில்லை.

"நீங்களோ?" என்றாள் ஆரணி. "நீங்களோ அங்கிள்? ஏன்?"

"நாவூறு படாமல் இருக்க."

"ஒண்டும் பூசக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்! ஒவ்வொரு கிழமையும்!"

"ஓம்."

"சீரியஸா அங்கிள்? சீரியஸா?"

அவளுடைய முகத்தில் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு கதவு மூடுகிற மாதிரி இருந்தது. பலகையை என் பக்கமாகக் காலால் தள்ளிவிட்டு, ஹெலனிடம் வேறு பலகை கேட்டாள்.

ஹெலன் என்னைக் கூடாரத்துக்கு வெளியே கூட்டிப்போனாள். சத்தம் போடவில்லை.

"மருந்துத் திறப்பைத் தராதது சரிதான்" என்றாள். "திங்கட்கிழமை வர வேண்டாம்."

நான் பலகையை எடுத்துக்கொண்டு புறப்பட்டது அப்போதுதான். கை தானாக எடுத்தது. பூங்காவின் வாசலில் ரெஜ் சுருட்டுப் புகைத்துக்கொண்டு நின்றார்.

"நான் கண்டது ஒரு பெண்ணை" என்றார். "நீண்ட பின்னல். உங்கள் பன்றிக்கு நர்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

"அப்படியானால் உள்ளே ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள்தான் முந்திக்கொண்டீர்களே."

புகையை விட்டார். "அந்தப் பிள்ளைக்கு நல்ல கை" என்றார். அவர் சொல்லாமல் விட்டதற்கு உள்நோக்கம் ஏதும் இருக்குமா என்று ஸ்ட்ரெதம் முழுவதும் யோசித்துக்கொண்டு நடந்தேன். இதுவரை ஒன்றும் தட்டுப்படவில்லை.

மாலைத் தொலைபேசி

பொலிஸ்காரர்களுக்குப் பிறகு தெம்ஸ் ஆற்றுப் பாலம்வரை நடந்தேன். அங்கிருந்து ரயில். வெயிலில் சேறு உதிர்ந்துவிட்டதால் ரயிலில் யாரும் எழுந்து போகவில்லை. பண்ணையின் பூட்டிய வாசல் படலையில் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு அறைக்கு வந்து குளித்தேன்.

பார்க்கிங்கில் நான் இருக்கிற வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு பூட்டு. சமையலறையில் அரிசி வாளிக்கும் பூட்டு. யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். எனக்கு வசதியான வீடு.

மாலையில் வசந்தி தொலைபேசி எடுத்தாள்.

"மூண்டாம் இடம் அண்ணை."

"நல்லது."

"மஞ்சள் ரிப்பன். அறைக்குள்ளை கொண்டுபோய்க் கதவைச் சாத்திப் போட்டாள். ஒரு சொல்லும் இல்லை."

"ம்."

"உங்களிலை கடுங்கோபம். ஹெலனுக்கு எழுதப் போறாளாம். உங்களை இனி எந்த இடத்திலையும் பிள்ளையளோடை வேலைக்கு விடக்கூடாதெண்டு."

"எழுதட்டும்."

பிறகு வேகமாகச் சொன்னாள். "ஃபாரஸ்ட் கேட்டிலை என்ரை மச்சான் குகன்ரை மீன்கடை இருக்கு. வெட்ட ஆள் தேவையாம். விடியவே போகலாம். நான் சொல்லிப் போட்டன்."

இது நன்றியா, வாயை மூடுவதற்கா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது.

"போறன்" என்றேன்.

ஞாயிறு வரிசை

குகன் பருத்த, பதற்றமான மனிதர். கடையைத் திறக்குமுன்பே ஒரு ரப்பர் மேலங்கியைத் தந்து, பனிக்கட்டிப் பெட்டிகளைக் காட்டி, மெல்லிய குரலில் சொன்னார்.

"அண்ணை, ஒரு விசயம். பண்டிப் பண்ணையிலை நிண்டனீங்கள் எண்டு இஞ்சை மூச்சும் விடாதேங்கோ. முஸ்லிம் ஆக்கள் வருவினம், கோயில் ஆக்கள் வருவினம். மீன் வெட்டுற கை எந்தக் கை எண்டு பாக்கிற சனம்."

"விளங்குது."

"எங்கை வேலை செய்தனீங்கள் எண்டு கேட்டால்?"

"லீட்ஸ். கோழி."

"கோழி நல்லம்" என்றார். முகம் தெளிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தவர்கள், நேரத்தோடு சமைக்க வேண்டியவர்கள் எல்லாரும் வாசலுக்கு வெளியேயும் நின்றார்கள். நான் அறக்குளாவைத் துண்டு போட்டேன், பாரைக்குச் செதில் எடுத்தேன். கத்தி நல்ல கத்தி. கை விறைத்துவிட்டது. அதைத் தவிர வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது வரிசையில் வசந்தி நின்றாள். பின்னால் ஆரணி, காதில் பாட்டுக் கருவியோடு. தாய் எங்கே கூட்டி வருகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னைக் கண்டதும் காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"அம்மா, இவரிட்டை வேண்டாம். வேறை கடைக்குப் போவம்."

"நில்லு."

"நான் வெளியிலை நிக்கிறன்."

"ஆரணி, நில்லெண்டு சொன்னன்." வசந்தியின் குரல் கடை முழுவதும் கேட்டது. "அந்தப் பொட்டு நான்தான் வைச்சனான். இவர் வைக்கேல்லை."

குகன் தராசிலிருந்து நிமிர்ந்தார். "என்ன பொட்டு?"

"பண்டிக்கு வைச்ச பொட்டு."

கணவாய் வாங்க நின்ற ஒரு பெரியவர் காதைத் திருப்பினார்.

"பண்டிக்கோ, பிள்ளை?"

"ஓம் ஐயா. வெள்ளைப் பண்டி. எல்லாரும் கண் வைச்சினம். சின்னவனுக்கு வைக்கிற மையைத்தான் வைச்சன். அது அழியாத மை எண்டு எனக்கென்ன தெரியும்? இவர் தன்ரை தலையிலை எடுத்துக்கொண்டு போட்டார். அவரோடை உந்தப் பண்டிப் பண்ணையிலை—"

குகன் கண்ணை மூடிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். பெரியவர், "நல்ல கண்ணூறுதான் பிள்ளை, பண்டியின்ரை கதை இப்ப மூண்டு தெருவுக்குக் கேட்குது" என்றார்.

ஆரணி சிரிக்கவில்லை. தாயைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அப்ப நீங்கள் பொய் சொன்னனீங்கள்."

"ஓம்."

"எனக்காகவோ?"

நான் கத்தியைத் துடைத்தேன்.

"நான் உங்களிட்டைக் கேட்டனானோ? ரெண்டு பேரிட்டையும் கேட்டனானோ? நேற்று முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டுதான் பிட்டுவை நடத்தினனான். நடுவர் எந்தப் பக்கம் நிண்டவர் எண்டே எனக்குத் தெரியாது. அதுக்கு மூண்டாம் இடம்." மூச்சு வாங்கியது. "நான் ஹெலனிட்டைப் போறன். உள்ளதைச் சொல்லி ரிப்பனைக் குடுத்திட்டு வாறன்."

"விசரோ உனக்கு?" என்றாள் வசந்தி. "இவர் வேலையை விட்டது அதுக்குத்தானே!"

"அது என்ரை ரிப்பன் இல்லை, அம்மா."

போய்விட்டாள். வசந்தி மீனும் வாங்காமல் அவளுக்குப் பின்னால் ஓடினாள்.

வரிசை என்னைப் பார்த்தது. என் கையைப் பார்த்தது. குகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அண்ணை, இனி லீட்ஸ் கோழியை விடுங்கோ. சூடை மீன் ஒரு பெட்டி கிடக்கு. துப்புரவாக்குங்கோ."

கணவாய்ப் பெரியவர் தன் பையை என் பக்கமாகத் தள்ளினார். "எனக்கும் இவரே வெட்டட்டும்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பெரியவர்கள் வேடிக்கைக்காகவும் இப்படிச் செய்வார்கள்.

ஆரணி அந்த ரிப்பனைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கணவாயை உரித்து வெட்டிக் கொடுத்தேன். பிறகு சூடைப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தேன்.